தரை தோசைக்கல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில், நம் பக்கம் வரப்போகிற பெரிய வளாகங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த வண்ணப் படங்களும் போட்டிருந்தீர்கள். கட்டடங்கள் லட்சணமாகத்தான் இருந்தன. தரைதான் தோசைக்கல் மாதிரி இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் நாற்பது ஏக்கரை ஒரே வளைப்பில் எங்கே எடுத்தாலும் ஒரு குளத்தங்கரையோ, குளம் நிரம்பி வழிகிற தண்ணீர் போகும் மறுகால் ஓடையோ, பழைய வாய்க்காலோ குறுக்கே கிடக்கும். படத்தில் அப்படி ஒன்றையும் காணோம். முப்பத்தைந்து வருடமாகப் படம் வரைந்து பிழைக்கிறவன் நான். பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

1989ல் டிரேசிங் ஷீட்டும் ரோட்ரிங் பேனாவுமாக டிராப்ட்ஸ்மேன் வேலைக்கு வந்தேன். அப்புறம் ஆட்டோகேட், இப்போது ரெவிட்; இரண்டும் கம்ப்யூட்டரில் படம் வரைகிற மென்பொருள். சமாதானபுரத்தில் ஒரு மாடி அறையில் நாலு கம்ப்யூட்டர், என்னையும் சேர்த்து நாலு பேர். கட்டடத்தை வடிவமைப்பது நாங்கள் இல்லை. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் ஆர்க்கிடெக்ட்கள் வடிவமைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பைல்களை ஒன்றாகச் சேர்த்து, தரையோடு பொருத்தி, கொத்தனார் கையில் பிடித்துக் கட்டுகிற மாதிரி படமாக்குவது எங்கள் வேலை.

2024ல் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கல்வி வளாகத்துக்கு வேலை வந்தது. 46 ஏக்கர், நீளவாக்கில் 620 மீட்டர், மேற்கே ஒரு குளத்துக்கரை. யாருடைய வளாகம் என்று சொல்லமாட்டேன்; பாக்கிப் பணம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. பிரதானக் கட்டடம் ஒரு ஆபீஸ், விடுதிகளும் ஊழியர் குடியிருப்பும் இன்னொரு ஆபீஸ், ரோடும் தோட்டமும் மூன்றாவது ஆபீஸ். சர்வே எடுத்தது நாலாவது ஆள். இந்த நாலு பேரும் ஒருநாள்கூட ஒரே மேஜையில் உட்கார்ந்தது கிடையாது. எல்லாம் மெயிலில்தான்.

முதல் நாள் பைல்களைச் சேர்த்தபோது விடுதி மட்டும் திரையில் இல்லை. தேடினோம். 660 கிலோமீட்டர் மேற்கே கிடந்தது. தேசப்படத்தில் வைத்துப் பார்த்தால் மினிக்காய் தீவையும் தாண்டி அரபிக் கடலுக்குள்.

காரணம் ரொம்பச் சின்னது. ஜி.பி.எஸ். கருவி தரும் இடக்குறியைக் கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர் என்று மாற்றித் தர, உலகத்தை 6 பாகை அகலத்தில் 60 பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கிழக்குத் தீர்க்கரேகை 72 முதல் 78 வரை 43ஆம் பட்டை. 78ல் இருந்து 84 வரை 44. அந்த 78ஆம் கோடு நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. ஸ்ரீவைகுண்டம் 43ல், திருச்செந்தூர் 44ல். திருநெல்வேலி 43ல், தூத்துக்குடி 44ல். வேறு ஊர்க்காரர்கள் ஆயுசு முழுக்க வேலை பார்த்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட வேண்டியிருக்காது. நாம் காலையில் பஸ் ஏறி மதியத்துக்குள் தாண்டிவிடுகிறோம். விடுதிக்காரர்களுக்கு எல்லைக் கல் அளந்து கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்க்கிறவர். கருவியில் எப்போதும்போல 44 என்று இருந்தது, அப்படியே எடுத்துவிட்டார். அவருடைய கிழக்கு எண் ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம் மீட்டர்; எங்கள் எண் எட்டு லட்சத்துச் சொச்சம். இரண்டும் சரிதான், இரண்டும் ஒரே நிலம்தான். எந்தப் பட்டை என்று ஒரு வார்த்தை எழுதாததால் ஒரு விடுதி கடலுக்குள் போயிற்று.

(வரலாறு பிடித்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1802ல் மதராஸில் வில்லியம் லாம்ப்டன் தொடங்கி, தெற்கே குமரி முனைப் பக்கம்வரை வந்த பெரிய முக்கோண அளவையின் முதுகெலும்பும் இந்த 78ஆம் பாகையை ஒட்டித்தான் ஓடியது. இந்தியாவை அளந்தவர்களுக்கு நடுக்கோடாக இருந்தது நமக்கு எல்லைக்கோடாக வந்து வாய்த்திருக்கிறது.)

கடலில் விழுந்த தப்பு நல்ல தப்பு. உடனே தெரிந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத தப்புதான் ஆளைக் கொல்லும்.

பட்டையின் நடுவில் இருக்கிற ஊருக்கு, படத்து வடக்கும் (பட்டைக் கணக்கு காட்டும் வடக்கு) நிஜ வடக்கும் ஒன்று. நாம் பட்டையின் ஓரத்தில் இருப்பதால் இரண்டுக்கும் அரைப் பாகைக்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம் இருக்கிறது. தோட்டத்துக்காரர்கள் சாட்டிலைட் படத்தை வைத்து நிஜ வடக்கைப் பிடித்திருந்தார்கள். சர்வேக்காரர் படத்து வடக்கு. ஒரு முனையில் இரண்டும் பொருந்தின. 620 மீட்டர் தள்ளி மறுமுனையில் ரோடு நாலரை மீட்டர் விலகி நின்றது. பைலைத் திறந்த ஆர்க்கிடெக்ட் மவுஸைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்திப் பொருத்திவிட்டார். நகர்த்தியதை யாரிடமும் சொல்லவில்லை. அதே ஓரப் பட்டைக் கோளாறால் தூரமும் கொஞ்சம் நீளும்: தரையில் டேப் பிடித்து அளந்த ஒரு கிலோமீட்டர், அந்தக் கணக்கில் ஒரு கிலோமீட்டரும் முக்கால் மீட்டரும் சேர்ந்து வரும். 60 மீட்டர் கட்டடத்தில் இது நாலரை சென்டிமீட்டர். தூண் மையங்களை அடையாளம் போடும் மேஸ்திரிக்கு நாலரை சென்டிமீட்டர் என்றால் என்னவென்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

உயரக் கதை இதைவிடக் கேவலம். சர்வேக்காரர் கொடுத்த பட்டியலில் மனை முழுக்க மைனஸ் ஐம்பது மீட்டருக்கும் கீழே இருந்தது. அதாவது கடல்மட்டத்துக்குக் கீழே. ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பதைச் சின்னப் பிள்ளைகளும் வாசிக்கும். நம் ஊர் கடலுக்கு மேலே நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கிறது. விஷயம் என்னவென்றால், ஜி.பி.எஸ். சொல்வது கடல்மட்டத்திலிருந்து உயரம் அல்ல. பூமியை வழவழப்பான, கொஞ்சம் அமுங்கிய ஒரு பந்தாக வைத்துக்கொண்டு அதிலிருந்து போடும் கணக்கு. நிஜக் கடல் அப்படி வழவழப்பாக இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு விசை குறைவு. அங்கே கடல்மட்டம் கணக்கைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான். நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் எங்கள் மனையில் இரண்டு உயரத்துக்கும் வித்தியாசம் தொண்ணூறு மீட்டரை ஒட்டி வந்தது.

இதையும் சமாளித்திருக்கலாம். விடுதி ஆபீஸ் என்ன செய்தது என்றால், ரோட்டோரச் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரத்தை 100.000 என்று தாங்களாகவே வைத்துக்கொண்டு லெவல் எடுத்தார்கள். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான், தப்பில்லை. ஆனால் அவர்கள் அளந்துபோன பிறகு ரோடு போட்டார்கள்; அந்தச் சுவரையும் இடித்துத் தாழ்வாகக் கட்டினார்கள். நாங்கள் போய் அதே சுவரை 100 என்று பிடித்தபோது அது பழைய 100 இல்லை. 35 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஆக மனையின் லெவல் எல்லாம் 35 சென்டிமீட்டர் கூடுதலாக எங்கள் கணக்கில் வந்து, விடுதியின் பேஸ்மெண்ட் மட்டம், அதாவது தரை போடும் மட்டம், அந்தளவுக்குத் தாழ்ந்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டது. எங்கள் மனையில் ஒரு பழைய பம்புசெட் அறை. அதன் சுவரில் அந்த வெள்ளம் நின்ற கறை அப்படியே இருந்தது. பூமியை விற்ற பெரியவர் ஒருநாள் சைக்கிளில் வந்தார். தூண்கள் பேஸ்மெண்ட் மட்டத்துக்கு வந்திருந்த நேரம். கறையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைகள மெத்தையில படுக்கப் போடுதியளா, தண்ணியில படுக்கப் போடுதியளா?"

ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். விடுதியின் தரை அந்தக் கறைக்கு 20 சென்டிமீட்டர் கீழே. மறுபடி உயர்த்தினார்கள். செலவு யார் தலையில் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ட்ரோன் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் இப்போது எல்லாருக்கும் ட்ரோன்மேல் ஒரு பக்தி வந்துவிட்டது. 46 ஏக்கரைக் காலை பத்து மணிக்குள் பறந்து எடுத்துவிட்டார்கள். கோடிக்கணக்கான புள்ளிகள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் போட்டோ எடுக்கிற ட்ரோனுக்கு மேலே தெரிவதுதான் தரை. தென்மேற்கு மூலையில் சீமைக் கருவேலம், எங்கள் பேச்சில் உடங்காடு, ஆள் நுழையமுடியாமல் மண்டிக் கிடந்தது. கம்ப்யூட்டர் அந்த இலைப்பரப்பைத் தரை என்று எடுத்துக்கொண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு போட்டது. தோட்டக்காரர்கள் அந்த மேட்டைப் பார்த்து மகிழ்ந்து, மேலே உட்கார ஒரு மண்டபமும் வரைந்துவிட்டார்கள். அதே பெரியவர்தான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது மேடு இல்லவே. மேல்குளம் மறுகால் பாஞ்சா தண்ணி இந்த ஓடை வழியாத்தான் கீழ்க்குளத்துக்குப் போவும். உள்ள எறங்கிப் பாத்தியளா?"

இறங்கிப் பார்க்கவில்லை. அப்புறம் அரிவாளோடு இரண்டு ஆளை விட்டுத் தடம் வெட்டி, டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) வைத்துக் கம்பு பிடித்து அளந்தோம். மேடு என்று இருந்த இடத்தில் ஒரு மீட்டர் இருபது ஆழத்துக்கு ஓடை. மூன்று மீட்டர் மேட்டுக்கும் ஒண்ணேகால் மீட்டர் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு மண் கணக்குத் தப்பாகப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் குளத்துக்குக் குளம் தண்ணீர் போக முன்னோர்கள் விட்ட வழி அது. மண்டபத்தோடு சேர்த்து அடைத்திருந்தால் அடுத்த மழைக்கு மேல்குளத்துக் கரையல்லவா உடைந்திருக்கும்?

மண் கணக்கு என்றதும் ஒரு வீட்டுக் கணக்கு. ஒரு ஏக்கரில் உயரம் 10 சென்டிமீட்டர் தப்பினால் 405 கன மீட்டர் மண். லாரிக்காரர் பாஷையில் 143 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). 46 ஏக்கருக்கும் அதே தப்பு என்றால் ஆறாயிரத்து ஐந்நூறு யூனிட்டுக்கு மேல். பத்து சென்டிமீட்டர் என்பது ஒரு ஜாண்கூட இல்லை.

இனி பைல் விஷயம். இதில்தான் சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பிடிக்காத வாசகர்கள் ஐந்து பத்தி தாண்டிப் போய்விடலாம்.

ரெவிட்டில் ஒவ்வொரு பைலுக்கும் நகராத மூலப்புள்ளி ஒன்று உண்டு. அதிலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வரைந்தால் நுணுக்கம் கெட்டுப்போகும். கோடு நடுங்கும், சந்திக்கவேண்டிய மூலைகள் சந்திக்காது. நம் சர்வே எண்களோ எட்டு லட்சம் மீட்டர் கிழக்கு, ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் மீட்டர் வடக்கு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதனால் கட்டடத்தை அந்த எண்ணுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. மூலப்புள்ளிக்குப் பக்கத்திலேயே வரைந்துகொண்டு, மனையில் இருக்கும் ஒரு கல்லுக்கு மட்டும் "உன் எண் இது" என்று பைலுக்குள் சொல்லிவைக்க வேண்டும். வீட்டைத் தெருவுக்குத் தூக்கிப் போவதில்லையே, வீட்டுக்கு டோர் நம்பர்தானே கொடுக்கிறோம்.

நிலம் தனி பைலில் இருக்கவேண்டும். அதில் சுவர், ஜன்னல் எதுவும் கூடாது. கட்டடம் ஒவ்வொன்றும் தனித்தனி பைல், நிலத்தோடு லிங்க் மட்டும், அதாவது ஒரு பைலை இன்னொன்றுக்குள் காட்டும் இணைப்பு. எது எங்கே நிற்கிறது என்பதை நிலத்து பைல்தான் தீர்மானித்து, கட்டட பைலுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். ரெவிட்டில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது. எழுதிக் கொடுத்த பிறகு மவுஸால் நகர்த்துகிறவன் கையை ஒடிக்கவேண்டும் என்பேன், ஆனால் அந்த ஆர்க்கிடெக்ட் எனக்கு வேலை தருகிறவர். ஊழியர் குடியிருப்பு ஒரே மாதிரி மூன்று பிளாக். அதற்கு மூன்று பைல் வேண்டியதில்லை. ஒரே பைலில் மூன்று இடத்துக்கு மூன்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஜன்னலை மாற்றினால் மூன்றிலும் மாறும்.

லிங்க் கொடுக்கும்போது இரண்டு விதம் உண்டு: மேலே விரித்துவைப்பது ஒன்று, ஒட்டிவிடுவது ஒன்று. ஒட்டிவிட்டால் அந்த பைல் எங்கே போனாலும் லிங்க்கும் கூடவே போகும். பிரதானக் கட்டடக்காரர்கள் எங்கள் நிலத்தைத் தங்கள் பைலில் ஒட்டிவிட்டார்கள். அதையும் நிலத்தையும் நாங்கள் ஒரு பொது பைலில் சேர்த்தபோது தரைமேல் தரை. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் பேட்டைப் பெண்பிள்ளைதான் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார், மண்ணு ரெண்டு வாட்டி கணக்காவுது" என்று கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவளுக்கு இருட்டுக்கடை அல்வா வாங்கிக்கொடுத்தேன், வரிசையில் நின்று.

புள்ளிகளைக் குறைப்பது ஒரு கலை. ட்ரோன் தந்ததை அப்படியே நுழைத்தால் கம்ப்யூட்டர் மூச்சு முட்டிச் செத்துப்போகும். முதல் தடவை பைல் திறக்கும் நேரத்தில் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு, பேப்பரும் படித்துவிட்டு வரலாம். ஆனால் பத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் முதலில் காணாமல் போவது குளத்துக்கரை உச்சியும் ஓடையின் விளிம்பும்தான். சமதரையில் புள்ளி எவ்வளவு குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. கரை உச்சி, கரை அடி, வாய்க்கால் இரு விளிம்பு, ரோட்டு ஓரம் இவற்றைக் கோடாகவே அளந்து கொண்டுவரவேண்டும். அப்படிச் செய்தபின் இருபதாயிரம் புள்ளிக்குள் 46 ஏக்கரும் அடங்கிவிட்டது. காண்டூர் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் கோடு) விஷயத்திலும் வெளியூர்ப் பழக்கம் இங்கே செல்லாது. எங்கள் மனை முழுக்கச் சரிவே நாலு மீட்டர்தான். ஒரு மீட்டருக்கு ஒரு கோடு என்று போட்டால் 46 ஏக்கருக்கு நாலு கோடு வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் சமவெளிக்கு 25 சென்டிமீட்டராவது வேண்டும். களக்காட்டு மலையடிவாரத்தில் கட்டுகிறவருக்கு ஒரு மீட்டரே போதுமாக இருக்கலாம்.

மற்றவை சில்லறை. எல்லாரும் ஒரே வருடப் பதிப்பில் இருக்கவேண்டும். புதிய ரெவிட்டில் சேமித்ததைப் பழையது திறக்காது. 2024 பதிப்பில் தரையே வெறும் தோலாக இல்லாமல் கனமுள்ள திண்மமாக மாறிவிட்டது, ஆகவே பழைய பைலைத் தூக்கிப் புதியதில் போடுமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லிங்க்கையும் தனி ஒர்க்செட்டில் (வேண்டும்போது மட்டும் திறக்கிற பிரிவு) வைத்தால், மாடிப் படி வரைகிறவர் நிலத்தைத் திறக்காமலே வேலை பார்க்கலாம். பென் டிரைவில் கொண்டுபோன பைல் 'டி' டிரைவைத் தேடி அழுவதெல்லாம் எழுதக்கூட வேண்டாம்.

இதெல்லாம் வெளிநாட்டு மென்பொருள், புதுசு, நமக்குப் பழக்கமில்லை என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. என் அப்பா சர்வே இலாகாவில் சங்கிலி இழுத்தவர். 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். விடியற்காலை வெயில் ஏறுமுன் சங்கிலியைச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். இழுத்து இழுத்துக் கண்ணி நீண்டுவிடும் என்று. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனியாக ஒரு புலப்படம். எல்லாம் கூடி ஒரு கிராமப்படம். புலப்படத்தில் வரப்பும் உட்பிரிவும் மாறலாம், கிராமப்படம் அதற்காகக் குலையாது. இரண்டையும் கட்டிவைப்பது புல எல்லையில் நட்ட கல். மூன்று கிராம எல்லை கூடுகிற இடத்தில் நட்ட கல்லை அசைத்தவன் குற்றவாளி. தனித்தனித் தாள், பொதுவான கல்: இதைத்தானே நிலத்து பைல், கட்டட பைல், லிங்க் என்று நாங்கள் இன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்? கையெழுத்துப்போட மட்டும் தெரிந்த என் அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. "சங்கிலிய நம்பாத, கல்ல நம்பு" என்பார். எம்.இ. படித்த மூன்று ஆபீஸ்காரர்களுக்கு கல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

எங்கள் மனையிலும் சர்வேக்காரர் மூன்று கான்கிரீட் கல் நட்டு, நடுவில் பித்தளை ஆணி அடித்துவிட்டுத்தான் போனார். பாவம், அவர்மேல் குறை சொல்லமுடியாது. ஒன்றை ஜே.சி.பி. பெயர்த்துவிட்டது. இன்னொன்றில் வாட்ச்மேன் ஆட்டைக் கட்டியிருந்தார். ஆடு கட்டுவதில் தோஷமில்லை, கயிற்றை அறுத்துக்கொள்ள அது இழுத்த இழுப்பில் கல் சாய்ந்திருந்தது. மூன்றாவது மட்டும் தப்பித்தது, பக்கத்தில் ஒரு சுடலைமாடன் பீடம் இருந்ததால் யாரும் கிட்டப் போகவில்லை. கடைசியில் 46 ஏக்கரையும் அந்த ஒரு கல்லை வைத்துத்தான் மீட்டோம்.

நான் கேட்பது ஒன்றுதான். அரசுப் பணியோ தனியார் பணியோ, பத்து ஏக்கருக்கு மேல் போகிற எந்த வளாகத்துக்கும் டெண்டர் விடும்போது, முதல் பக்கமாக ஒரு தாள் இருக்கட்டும். கல் எங்கே நிற்கிறது, அதற்கு ஒரு போட்டோ, அதன் கிழக்கு எண், வடக்கு எண், 43ஆம் பட்டையா 44ஆ, உயரம் கடல்மட்டத்துக்கா கருவிக் கணக்கா, எந்தப் பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த அடையாளம்) கொண்டுவந்தது, வடக்கு எந்த வடக்கு, அளவு தரை அளவா பட்டை அளவா, மீட்டரா மில்லிமீட்டரா, நிலத்து பைல் யார் பொறுப்பு, எந்தத் தேதி அளந்தது. அதோடு 2023 வெள்ளம் அந்த மனையில் எந்த மட்டத்தில் நின்றது, தண்ணீர் எந்த வழி வந்து எந்த வழி போகிறது என்று பக்கத்து விவசாயி இரண்டு பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளில் எல்லா ஆபீஸும் கையெழுத்துப் போட்ட பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கட்டும். நான் பார்த்த டெண்டர்களில் சிமெண்ட் எந்தத் தரம், கம்பி எந்தத் தரம், கழிப்பறைக் குழாய் எந்தத் தரம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இந்தத் தாள் ஒன்றிலும் இல்லை.

நம் பக்கம் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வருகிற பிள்ளைகளுக்கு ரெவிட் தெரிகிறது, கண்ணாடிக் கட்டடம் பளபளவென்று வரைகிறார்கள். 78ஆம் கோடு நம் பக்கமாகப் போகிறது என்று சொன்னால் "அப்படியா சார்?" என்கிறார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர்களை ஏதாவது ஒரு குளத்துக்கரையில் ஆட்டோ லெவலோடு நிறுத்தி, மடையிலிருந்து மறுகால் வரை அளக்கச் சொல்லுங்கள் என்று அங்கே பாடம் எடுக்கும் நண்பரிடம் கேட்டிருக்கிறேன். கார்த்திகை மழைக்கு முன்னால் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

மேலே சொன்ன தாளை நாங்களே தமிழில் ஒரு பக்கமாகத் தயாரித்து வைத்திருக்கிறோம். காசு எதுவும் வேண்டாம். உங்கள் பத்திரிகையில் இடம் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கேட்கிறவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிராப்ட்ஸ்மேன்,
சமாதானபுரம், பாளையங்கோட்டை